சுவிட்சில இன்னும் ‘ரிதம்’ எண்டுதான் இருக்கு

லெஸ் போல் கிற்றாரின் சுவிட்சைச் சுற்றி இரண்டு சொல் இருக்கும்: ரிதம், ட்ரெபிள். கழுத்துப் பக்கப் பிக்கப் ரிதத்துக்கு, பிரிட்ஜ் பக்கத்தது லீடுக்கு எண்டு அர்த்தம்.

ஆனால் 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது அவருக்கிருந்த பிரச்சினை வேறு. ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அதிர்வோட மின்சார இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். அவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். இரைச்சல் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடும். கெட்டிக்கார வேலை!

1957இல் லெஸ் போலுக்கு வந்த ஹம்பக்கர் இரண்டும் ஒரே வடிவமைப்புத்தான். கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை கூடிக் குறைஞ்சது, ஆனால் லீடுக்கெண்டு திட்டமிட்டு இல்லை. வித்தியாசம் இடத்தில: பிரிட்ஜுக்குக் கிட்ட கம்பி குறைவாக ஆடும், ஒலி கூர்மை. கழுத்துப் பக்கம் உருண்டு, கனத்து வரும்.

டிஸ்டோர்ஷன் வந்துதான் எல்லாத்தையும் மாத்திப்போட்டுது. 1970களில் டிமார்சியோவின் ‘சூப்பர் டிஸ்டோர்ஷன்’ போன்ற பலமான பிக்கப்கள் பிரிட்ஜுக்கு ஏறின. டிஸ்டோர்ஷன் கூடினால் கழுத்துப் பக்கத்தில கோர்ட்ஸ் குழம்பிப்போகும். அதால மெட்டல்காரர் ரிதத்தைப் பிரிட்ஜுக்குக் கொண்டுபோயிட்டினம். கழுத்துப் பக்கத்தில சோலோ வாசிக்கிற ஆக்களும் கனபேர்.

‘லீட் பிக்கப்’ வாங்கக் காசு சேர்க்கிற ஆக்கள், முதலில இருக்கிறதின்ர உயரத்தை ஸ்க்ரூடிரைவரால கொஞ்சம் ஏத்தி இறக்கிப் பாருங்கோ.