வாய் கிழிந்தவளும் பிள்ளை பிடிப்பவரும்: ஒரு வதந்தியின் இரு வரலாறுகள்

முன்னுரை

வெளியே போன பிள்ளை பத்திரமாக வீடு திரும்புமா என்ற அச்சம் ஜப்பானில் 1978-79இல் ஒரு பேயின் உருவெடுத்து, பிறகு திரைப்படமானது. அதே அச்சம் வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் 2018இல் உயிருள்ள மனிதர்களைப் பலிகொண்டது. இவ்விரு போக்குகளும் எங்கே பிரிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிஃபுவில் பிறந்த பேய்

1978 டிசம்பர் வாக்கில் ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் அந்தப் பேயைப் பற்றிய பேச்சு கிளம்பியது. முகக்கவசம் அணிந்த பெண் ஒருத்தி சிறுவர்களை வழிமறித்து, "நான் அழகா?" என்று கேட்பாள். ஆமென்றால் கவசத்தைக் கழற்றி, காதுவரை கிழிந்த வாயைக் காட்டி மீண்டும் கேட்பாள். தப்பிக்கவும் வழி உண்டு: 'பொமேட்' என்ற தலைப்பூச்சின் பெயரை மூன்று முறை சொல்லலாம், மிட்டாயைக் கொடுத்துவிட்டு ஓடலாம்.

1979 ஜனவரியில் இது உள்ளூர் நாளிதழில் அச்சேறி, சில மாதங்களில் நாடெங்கும் பரவியது. பிள்ளைகள் கூட்டமாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஜூனில், கத்தியோடு அவளைப்போல் வேடமிட்ட பெண் ஒருவர் ஹிமேஜியில் கைதானார். கோடை விடுமுறையோடு பரபரப்பு அடங்கியது. தனிப்பயிற்சி முடித்து இருட்டில் திரும்பிய மாணவர்கள் இக்கதையை ஊர் ஊராகக் கொண்டுசென்றதாகச் சொல்லப்படுகிறது. படிப்புக்காகப் பிள்ளையை விரட்டும் தாயின் நிழலை ஆய்வாளர் சிலர் அவளிடம் கண்டனர்.

கோஜி ஷிராய்ஷி 2007இல் இயக்கிய 'குச்சிசாகே ஒன்னா' (வாய் கிழிந்தவள்) என்ற படம் இந்த இழையையே பற்றிக்கொண்டது. படத்தில் அவள் பிள்ளைகளைக் கடத்துகிறாள். பெற்ற பிள்ளைகளை வதைத்த தாயின் ஆவி, மற்றத் தாய்மார் உடலில் புகுகிறது. மகளை அடித்துவிட்டுக் குற்றவுணர்வில் தவிக்கும் ஆசிரியைதான் கதையின் மையம். தெருவில் இருந்த ஆபத்தை இப்படம் வீட்டுக்குள் தேடியது.

தோல் தொழில் வட்டாரத்தில்

பாலம் கட்ட நரபலி, சாக்குப்பையோடு வரும் பிள்ளை பிடிப்பவர் என்ற பேச்சுகள் இங்கே பழையவை. இவற்றில் வருபவர் பேயல்ல. பிச்சைக்காரர், நாடோடி, வேற்றுமொழி பேசுபவர். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலையிலேயே பஸ் ஏறும் பெண்கள் பலர், பிள்ளைகளைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுச் செல்பவர்கள். அவர்களின் கவலை பொய்யல்ல.

2018இல் வடமாநிலக் கடத்தல் கும்பல் இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப் செய்திகள் பரவின. அக்காலத்தில் நாடெங்கும் சுற்றிய காணொளி ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். உண்மையைச் சொல்லும் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டே அதைப் பரப்பினர். ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் அருகே இந்தி பேசிய ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மே 9 அன்று, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தினர் போளூர் அருகே வழி கேட்க நின்றனர். அவர்களுடன் வந்த முதிய பெண்மணி அங்கிருந்த சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். சந்தேகம் கைப்பேசி வழியே காரை முந்திக்கொண்டு போனது. அடுத்த ஊரில் கூட்டம் மறித்துத் தாக்கியதில் அவர் உயிரிழந்தார், உடன் வந்தோர் படுகாயமடைந்தனர். நாடெங்கும் இத்தகைய கொலைகள் தொடர்ந்த பின், ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் செய்தியை முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் ஜூலையில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

முடிவுரை

கிஃபுவின் வதந்தியில் அச்சத்துக்குத் தனி உருவமும் தப்பிக்கும் விதிகளும் இருந்தன. அதனால் அது கதையாக நிலைத்து, கலைக்கும் வந்தது. இங்கே உருவம் திட்டமாக இல்லை. ஆகவே அறியாத முகம் எதுவும் அதற்குப் பொருந்தியது. அங்கே தப்பிக்க உதவிய மிட்டாய், இங்கே குற்றத்தின் சான்றாயிற்று. வதந்தியைப் பொய் என்று மறுப்பதோடு நிறுத்தாமல், அது யார் மேல் பழி சுமத்துகிறது என்று கேட்பதே முதல் தற்காப்பு. 2018இல் இவ்வட்டாரத்தில் சுற்றிய குரல்பதிவுகளையும் வாய்மொழி வடிவங்களையும் நாட்டார் வழக்காற்றியல் துறைகள் இப்போதே தொகுக்க வேண்டும். அடுத்த வதந்தி கிளம்பும்போது, அதன் பழைய முகத்தை மக்களுக்குக் காட்ட அத்தொகுப்பு உதவும்.