கவண் எறிதல்

நடுவில் அகன்ற பட்டையும் அதன் இருபுறமும் நீண்ட கயிறுகளும் கொண்ட கருவியில் கல்லை வைத்துச் சுழற்றி எறியும் பழங்கலை. வேட்டைக்கும் மந்தை மேய்ப்பதற்கும் போருக்கும் பயன்பட்டது. இன்று ஸ்பெயினைச் சேர்ந்த பலேரிக் தீவுகளில் விதிகளோடு கூடிய போட்டி விளையாட்டாக நடக்கிறது. கவட்டைக் கிளையில் ரப்பர் கட்டிச் சிறுவர்கள் குருவியடிக்கும் உண்டிவில் வேறு. பதப்படுத்திய ரப்பர் புழக்கத்துக்கு வந்த 19-ஆம் நூற்றாண்டுக்கு முன் அது இருந்திருக்க வழியில்லை. கவணோ எழுத்துக்கு முந்தியது.

கவண் செய்ய ஒரு பொழுது போதும். கை படிவதற்கு ஒரு பிள்ளைப் பருவம் வேண்டும். இந்தக் கருவி எங்கே தழைத்தது, எங்கே மறைந்தது என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கிறது. கல் கிடக்கும் மேய்ச்சல் நிலமும், நாளெல்லாம் மந்தையோடு திரியும் பையன்களும் இருந்த நாடுகளில்தான் பேர்பெற்ற கவணாளிகள் தோன்றினார்கள்.

கருவியும் வீச்சும்

ஒரு கயிற்றின் நுனியில் விரல் நுழையும் கண்ணி இருக்கும். மற்றொன்றின் நுனியில் முடிச்சு. கண்ணியை விரலில் மாட்டி, முடிச்சைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துக்கொண்டு வீசுவார்கள். சரியான கணத்தில் முடிச்சை விட்டால் பட்டை விரிந்து கல் பறக்கும். கயிறு கையிலேயே தங்கும். எறிபவரின் கை ஒரு மீட்டர் நீண்டுவிட்டதாக வைத்துக்கொண்டால் கவண் செய்யும் வேலை விளங்கும். பழகிய கையிலிருந்து புறப்படும் கல் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி விரையும்.

கஷ்டம் அந்தச் 'சரியான கண'த்தில்தான். ஒரு மீட்டர் ஆரத்தில், நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சுழலும் கல், நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் ஏறத்தாழ 17 பாகை திரும்பிவிடுகிறது. விரல் அவ்வளவு பிந்தினால் எதிரே உள்ள இலக்கு தப்பி, பக்கத்தில் நிற்பவர் தலைக்கு ஆபத்து. இதைக் கணக்குப் போட்டு யாரும் கற்றதில்லை. ஆயிரக்கணக்கான கற்களை வீணடித்த பிறகு விரலே தெரிந்துகொள்கிறது.

சினிமாவில் கவண் எறிபவர் தலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு முறை சுழற்றுவார். பார்க்க நன்றாக இருக்கும். பிற்கால ரோமானியப் போர்நூலாசிரியர் வெஜீஷியஸோ, தலையைச் சுற்றி ஒரே சுற்றில் கல்லை விடப் பழக்க வேண்டும் என்று எழுதுகிறார். கூடுதல் சுற்றுகளால் வேகம் பெரிதாகக் கூடுவதில்லை; எதிரிக்கு முன்னறிவிப்புதான் மிஞ்சும்.

தொன்மை

நாரும் தோலும் மக்கிப் போவதால் கவணின் வயதை நேரடியாகச் சொல்ல முடிவதில்லை. கற்களும் சுட்ட களிமண் உருண்டைகளுமே சாட்சி. சிரியாவின் வடகிழக்கில் உள்ள ஹமூக்கர் என்ற பழநகரம் சுமார் கி.மு. 3500-இல் தாக்கப்பட்டு எரிந்தது. அங்கே 2005-இல் நடந்த அகழாய்வில், நீள்வட்ட வடிவிலான களிமண் கவணுண்டைகள் ஏறத்தாழ 1,200 கிடைத்தன. பெரிய உருண்டைகள் தனியாகச் சுமார் 120. கருவியே தப்பிப் பிழைத்ததும் உண்டு: எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் நூலால் பின்னிய கவண்கள் இருந்தன.

கி.மு. 701-இல் யூதேயாவின் லாக்கீஷ் கோட்டையை அசீரிய மன்னர் சென்னாகெரிப் முற்றுகையிட்டதைக் காட்டும் புடைப்புச் சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் வில்லாளிகளுக்குப் பின்னால் கவணாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் கவண்கற்களும் தோண்டி எடுக்கப்பட்டன. தாவீது கோலியாத்தை வீழ்த்திய விவிலியக் கதையைப் பலரும் அற்புதமாக நினைக்கிறார்கள். ஆடு மேய்த்த இளைஞன், கையில் பழகிய கருவி, கனத்த கவசத்தில் மெல்ல நடக்கும் எதிரி என்று பார்த்தால், பந்தயம் தாவீதின் மேல் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். அதே விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமம், மயிரிழையும் தப்பாமல் எறியவல்ல இடக்கைப் பழக்கமுள்ள எழுநூறு பேரைப் பென்யமீன் கோத்திரத்தில் குறிப்பிடுகிறது.

கிரேக்க எழுத்தாளர் செனபோன் தரும் செய்தி வேறுவகை. கி.மு. 401-இல் பாரசீகத்திலிருந்து பின்வாங்கிய கிரேக்கக் கூலிப்படை, எதிரியின் வில்லுக்கும் கவணுக்கும் பதில் சொல்ல வழியின்றித் திணறியது. படையில் இருந்த ரோட்ஸ் தீவுக்காரர்களைத் தேடிப் பிடித்து, ஒரே இரவில் இருநூறு பேர் கொண்ட கவணணி திரட்டினார்கள். பாரசீகர் கைப்பிடி அளவு கற்களை எறிந்தார்கள். ரோட்ஸ்காரர்கள் எறிந்தது சிறிய ஈயக்குண்டு. அது இரு மடங்கு தூரம் போனது. ஈயம் கனமானது, அதே எடைக்கு உருவம் சிறுக்கும், காற்றின் தடை குறையும், வருவதும் கண்ணுக்குத் தெரியாது.

இந்த ஈயக்குண்டுகளில் எழுத்தும் பொறித்தார்கள். 'பிடித்துக்கொள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் பொறித்த குண்டுகள் கிடைத்திருக்கின்றன. கி.மு. 41–40-இல் இத்தாலியின் பெருஜியா முற்றுகையில் தமக்குள் மோதிய ரோமானியரின் இரு தரப்பும் எறிந்த குண்டுகளில், எதிரெதிர்த் தரப்புகளைச் சேர்ந்த ஒக்டேவியனையும் ஃபுல்வியாவையும் பற்றிய வசைகள் உண்டு. பலவற்றை அச்சிட முடியாது.

பலேரிக் தீவுகள்

மேற்கு மத்தியதரைக் கடலில் உள்ள மயோர்கா, மெனோர்கா தீவுகளின் பழங்குடிகள் பெருங்கற்களை அடுக்கிக் கோபுரங்கள் எழுப்பியவர்கள். மெனோர்காவில் உள்ள அத்தகைய கட்டுமானங்கள் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவர்கள் எழுதி வைத்தது ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் கூலிக்கு அமர்த்தியவர்களும் பயந்தவர்களும் எழுதியவை.

எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: குறிவைத்த ரொட்டியைக் கவண்கல்லால் அடித்து வீழ்த்தும் வரை தாய் பிள்ளைக்குச் சாப்பிடத் தரமாட்டாள் என்பது. கிரேக்க, ரோமானிய ஆசிரியர்களான டியோடோரஸ், ஸ்டிராபோ, ஃபுளோரஸ், வெஜீஷியஸ் என நால்வரும் இதை எழுதுகிறார்கள். நால்வரும் நேரில் கண்டதாகச் சொல்லவில்லை. முன்னவரைப் பார்த்துப் பின்னவர் எழுதியதாகவே தோன்றுகிறது. ஆனாலும் முழுப் பொய்யென்று தள்ளவும் முடியாது. விளையாட்டாகத் தொடங்கும் பயிற்சிக்குப் பசியை விடச் சிறந்த வாத்தியார் யார்?

மூன்று கவண்கள் பற்றிய செய்தி இன்னும் நம்பத் தகுந்தது. நெடுந்தூரத்துக்கு நீளமானது, கிட்டத்துக்குக் குட்டையானது, இடைத்தூரத்துக்கு நடுத்தரமானது என்று ஸ்டிராபோ பிரிக்கிறார். கோரை, மயிர், தசைநார் ஆகியவற்றால் பின்னப்பட்டவை என்கிறார். ஒன்றைத் தலையில் சுற்றி, இன்னொன்றை இடுப்பில் கட்டி, மூன்றாவதைக் கையில் வைத்திருப்பார்கள் என்பது டியோடோரஸ் தரும் தகவல். இதே டியோடோரஸ், தீவுக்குள் தங்கமும் வெள்ளியும் வரவிடுவதில்லை என்றும், வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜுக்காகப் போரிட்ட காலத்தில் கூலியையெல்லாம் மதுவுக்கும் பெண்களுக்கும் செலவிட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள் என்றும் சேர்க்கிறார். நாகரிக நாட்டு ஆசிரியர்கள் தீவுவாசிகளைப் பற்றி இப்படி எழுதுவது புதிதல்ல.

போர்க்களத்தில் அவர்களின் பங்கு பற்றிச் சந்தேகமில்லை. ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இடையே இரண்டாம் பியூனிக் போர் தொடங்குமுன் கார்த்தேஜின் தளபதி ஹானிபல் 870 பலேரிக் கவணாளிகளை ஆப்பிரிக்காவின் காவலுக்கு அனுப்பினார். இத்தாலிக்குள் அவரோடு வந்தவர்கள் திரேபியாவிலும் கன்னேயிலும் போரிட்டார்கள். கி.மு. 216-இல் கன்னேயில் ரோமானியக் கான்சல் ஏமிலியஸ் பவுலஸ் சண்டை தொடங்கியதுமே கவண்கல்லால் படுகாயம் அடைந்தார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. அன்றே களத்தில் உயிரிழந்தார். பத்தாண்டு கழித்து ஹானிபலின் தம்பி மாகோ தன் கப்பல்களோடு மயோர்காவில் கரையிறங்கப் பார்த்தபோது, பழைய நண்பர்களே கல்மழை பொழிந்து விரட்டினார்கள். அவர் மெனோர்காவுக்கு ஒதுங்கினார். அங்குள்ள மாவோன் துறைமுகத்தின் பெயர் அவரிடமிருந்து வந்தது என்பது மரபு.

கி.மு. 123-இல் கடற்கொள்ளையை அடக்குவதாகச் சொல்லி ரோமானியத் தளபதி மெட்டெல்லஸ் புறப்பட்டார். கரையை நெருங்கும் முன் கப்பல் தளங்களின் மேல் தோல் விரிப்புகளை இழுத்துக் கட்டச் செய்தார். கல்லுக்குத் தோல் தாங்கியது, தீவுகள் விழுந்தன, அவருக்குப் 'பலேரிக்குஸ்' என்ற பட்டம் கிடைத்தது. மயோர்காவில் பால்மா, பொலென்சியா ஆகிய நகரங்களை நிறுவி, ஐபீரியாவிலிருந்து 3,000 பேரைக் குடியேற்றினார். அதன்பின் பலேரிக் கவண் ரோமின் பக்கம். கி.மு. 57-இல் கால் (Gaul) நாட்டின் பிப்ராக்ஸ் நகரைக் காக்கச் சீசர் அனுப்பிய உதவிப்படையில் அவர்கள் இருந்தார்கள்.

கவண் எறிதலில் பலேரிக்காரர்களுக்கு நிகரில்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கி.மு. 189-இல் கெஃபலோனியா தீவின் சமே நகர முற்றுகையைச் சொல்லும் லிவி, கிரேக்கத்தின் ஏஜியம், பாட்ரே, டைமே ஊர்களிலிருந்து வந்த நூறு கவணாளிகளை அவர்களுக்கும் மேலே வைக்கிறார். சிறுவயது முதல் கடற்கரைக் கூழாங்கற்களைத் தண்ணீரின் மேல் எறிந்து பழகியவர்கள். தொலைவில் வைத்த சிறு வளையத்துக்குள் கல்லைச் செலுத்துவார்கள். எதிரியின் முகத்தில் எந்த இடம் வேண்டுமோ அங்கே அடிப்பார்கள். கவண் எறிதல் விளையாட்டாகவும் பயிலப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று காண்பது அரிது.

மறைவும் எச்சமும்

ரோமானியப் படையில் கவண் நெடுங்காலம் நிலைத்தது. கி.பி. 113-இல் எழுப்பிய டிராஜன் தூணில், மேலாடை மடிப்பில் கற்களைச் சுமந்து எறியும் வீரர்களைக் காணலாம். ஸ்காட்லாந்தின் பர்ன்ஸ்வார்க் குன்றில் கிடைத்த இரண்டாம் நூற்றாண்டு ஈயக்குண்டுகள் சிலவற்றில் சிறு துளை இருக்கிறது. பறக்கும்போது அவை சீழ்க்கையடிக்கும். மருத்துவ ஆசிரியர் செல்சஸ், உடலில் பதிந்த கவண்குண்டை எடுக்கும் முறைக்கென்றே தனியாக எழுதியிருக்கிறார்.

பிறகு வில்லும், கடைசியில் துப்பாக்கியும் கவணை ஓரங்கட்டின. துப்பாக்கி பிடிக்க ஒரு குடியானவனைச் சில வாரங்களில் பழக்கலாம். கவணாளியைப் பிறந்ததிலிருந்து வளர்க்க வேண்டும். எந்த அரசுக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. என்றாலும் 1572–73-இல் பிரான்சின் சான்செர் நகரில் முற்றுகைக்குள்ளான புரொட்டஸ்டன்டுகள் வெடிமருந்தை மிச்சப்படுத்தக் கவணை எடுத்தார்கள்; 'சான்செர் துப்பாக்கி' என்ற கேலிப்பெயர் அதற்கு வந்தது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் கதை வேறு. லாமா மயிரால் பின்னிய 'வராக்கா' கவண் இன்கா படையின் முதன்மை ஆயுதங்களில் ஒன்று. 1536-இல் குஸ்கோ நகரை மீட்க வந்த மாங்கோ இன்காவின் வீரர்கள், கற்களை நெருப்பில் பழுக்கவைத்துப் பஞ்சில் சுற்றி எறிந்து, வைக்கோல் கூரைகளைக் கொளுத்தினார்கள். இன்றும் அந்த மலைகளில் மந்தை மேய்ப்பவர்கள் வராக்காவைப் பின்னுகிறார்கள். பெருவின் கானாஸ் பகுதியில் ஆண்டுதோறும் சனவரி 20-இல் நடக்கும் சியாராஹே சடங்குச் சண்டையில் இரு ஊர்க் கூட்டத்தார் குதிரையேறி வந்து கவண்கல் எறிந்துகொள்கிறார்கள். ரத்தம் சிந்தினால் பூமித்தாய் மகிழ்ந்து விளைச்சல் தருவாள் என்பது நம்பிக்கை. திபெத்திலும் யாக் மேய்ப்பவர்களின் இடுப்பில் மயிர்க் கவண் தொங்கும்.

தமிழ் மரபில் கவண் போருக்கு முன் புனத்துக்கு உரியது. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனம் காப்பவர்கள் பரண் மீதிருந்து கிளியையும் யானையையும் கவண்கல்லால் ஓட்டுகிறார்கள். வள்ளியின் கையில் கவணைத் தந்ததும் இந்த வழக்கமே. வள்ளி திருமண நாடகத்தில் 'ஆலோலம்' பாடும் காட்சிக்கு அது இன்றியமையாத பொருள். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை வரிசைப்படுத்தும்போது கல் எறியும் கவணையும் சேர்க்கிறது. அது கைக்கருவியாக அல்லாமல் மதிலில் பொருத்திய எந்திரமாக இருந்திருக்க வேண்டும்.

விளையாட்டாக

மயோர்கா இடையர்கள் கவணை முற்றாகக் கைவிடவில்லை; விலகிப்போகும் ஆட்டின் முன்னால் கல்லைப் போட்டுத் திருப்ப அவர்களுக்கு அது உதவியது. பால்மாவின் அரண்மனைத் தோட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிற்பி யோரென்ஸ் ரொசெயோ வடித்த கவணாளி சிலை நிற்கிறது. தீவின் அடையாளமாகக் கவண் மீண்டும் எழுந்த பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போட்டிகளும் சங்கங்களும் வந்தன.

போட்டியில் சதுரப் பலகையும் அதன் நடுவே வட்டமும் இலக்கு. வட்டத்தில் பட்டால் கூடுதல் புள்ளி, பலகையில் பட்டால் குறைந்த புள்ளி. தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். கவணைப் பெரும்பாலும் ஆனைக்கற்றாழை நாரில் பின்னுகிறார்கள். அந்தச் செடி கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தது; ஹானிபலின் கவணாளிக்கு அது தெரிந்திருக்காது. இதற்காக யாரும் வருத்தப்படத் தேவையில்லை.

தூர எறிதல் தனிப் பிரிவு. 1981-இல் லாரி பிரே என்ற அமெரிக்கர் யூட்டா மாநிலத்தில் 52 கிராம் எடையுள்ள கல்லை 437.1 மீட்டர் எறிந்தது கின்னஸ் பதிவில் ஏறியது. 1992-இல் கலிஃபோர்னியாவில் டேவிட் எங்வால் 477 மீட்டர் எட்டினார். ஆனால் அவர் எறிந்தது கல்லல்ல, உலோக ஈட்டித்துண்டு. பலேரிக் போட்டிகள் தூரத்துக்குப் பரிசு தருவதில்லை. இலக்கில் பட்ட கல்லுக்கே புள்ளி.