குராரே: ஒரு விஷத்தின் பெயரில் ஒரு விமானம்

1/ "டாக்டர், பையன் ஆர்.சி. விமானம் கேக்குறான். தலைகீழா பறந்து குட்டிக்கரணம் போடுற மாடல்தான் வேணுமாம். வாங்கித் தரலாமா?" தென்காசிக்காரர் ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டிருந்தார். பதில் கடைசியில். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் மருத்துவம்.

2/ குராரே. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய விஷம். 1942-ல் மான்ட்ரியாலில் டாக்டர் ஹெரால்ட் கிரிஃபித் இதை மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார். தசைகள் தளர்ந்தன, அறுவை சிகிச்சை எளிதானது. ஆனா ஒரு விலை உண்டு. மூச்சுவிடும் தசையும் தளர்ந்துடும். நோயாளிக்காக இன்னொருத்தர் மூச்சு கொடுக்கணும்.

3/ 1977. ரேடியோ மூலம் இயக்கும் சாகச விமானங்களுக்கான உலகப் போட்டி. ஜெயித்தவர் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர். அவர் விமானத்தின் பெயர் என்ன தெரியுமா? 'குராரே'! பெயர்ப் பொருத்தம் அபாரம். ஏன்னு சொல்றேன்.

4/ 40 வருஷம் பின்னாடி போவோம். 1937-ல் அமெரிக்காவின் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாடலை ரேடியோ மூலம் பறக்கவிட்டாங்க. அந்த விமானம் இன்னைக்கு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு. அந்தக் கால ரேடியோவால் முழுசா இடது, முழுசா வலது என்றுதான் திருப்ப முடியும். மிச்சத்தை விமானமே பாத்துக்கணும். இறக்கை இரண்டும் நுனியில் மேல்நோக்கி, 'வி' வடிவில் இருக்கும். சாய்ந்தாலும் தானா நிமிர்ந்துடும்.

5/ ஆனா தானா நிமிர்ற விமானத்தைத் தலைகீழா ஓட்டினா அது உங்களோட சண்டை போடும். அதனால சாகச விமானம் செய்தவங்க அந்தக் குணத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. முதல் உலகப் போட்டி 1960-ல், சுவிட்சர்லாந்தில். ஜெயித்தவர் எட் காஸ்மிர்ஸ்கி. 1967-ல் ஜெயித்த ஃபில் கிராஃப்ட், விரல் அசைக்கிற அளவுக்கே சுக்கான் அசையும் ரேடியோக்களைத் தயாரித்தவர்.

6/ இறக்கையின் மேலும் கீழும் ஒரே வளைவு. 'வி' வடிவம் கிட்டத்தட்ட இல்லை. எப்படி வைக்கிறீங்களோ அப்படியே நிக்கும். தானா நிமிராது. மூச்சு நிறுத்தின நோயாளி மாதிரி! மூச்சு கொடுக்க வேண்டியது உங்க விரல். இதைப் புரிஞ்சுக்காம வாங்கினா, பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே விமானம் குப்பைக்குப் போகும்.

7/ அப்ப எதை வாங்கறது? முதல்ல கம்ப்யூட்டர் சிமுலேட்டர். அடுத்து இறக்கை மேலே இருக்கும் பயிற்சி விமானம். அதை எதிர்க்காத்திலும் பதறாம இறக்கத் தெரிஞ்சபிறகு சாகச விமானம். முதல் சாகச விமானம் ஃபோம்ல செஞ்சதா இருக்கட்டும். ஒடைஞ்சா ஒட்டிக்கலாம்.

8/ நம்ம ஊர்க் காத்தையும் கணக்குல வைங்க. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து குற்றாலத்துக்குச் சாரல் கொண்டு வரும், சுரண்டை பக்கம் காத்தாடியையும் சுத்தவிடும். மலையோரத்தில் அது சுழன்று சுழன்று அடிக்கும். எடை குறைந்த ஃபோம் விமானத்துக்கு அது ஆகாது. தை, மாசி காலையில், ஆளில்லாத வெட்டவெளியில் ஆரம்பிங்க.

9/ பறக்கவிடும் முன் மூணு விஷயம். ஒண்ணு, எடை மையம். பேட்டரியை வைத்து, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் இரண்டு விரலால் தூக்கிப் பாருங்க. வால் தாழ்ந்தா பறக்கவிடாதீங்க, பேட்டரியை முன்னே தள்ளுங்க. இரண்டு, சுக்கான் அசைவை முதல் நாள் குறைவா வைங்க. மூணு, சிக்னல் போனா மோட்டார் நிக்கணும். இதைப் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுச் சோதிங்க.

10/ "ஜைரோ இருக்கே, அது பாத்துக்கும்" என்பாங்க. எடை மையம் தப்பா இருக்கும்போது ஜைரோவை நம்புறது, வயித்து வலிக்குக் காரணம் பார்க்காம வலி மாத்திரை போடுற கதைதான்.

11/ இப்ப டாக்டரா பேசறேன். பேட்டரி மோட்டார் விரல்ல பட்டதும் நின்னுடாது, திரும்பத் திரும்ப வெட்டும். பேட்டரி இணைச்ச நொடியிலிருந்து கை, முகம் எதுவும் புரொப்பல்லருக்கு நேரா வரக்கூடாது. வெட்டுப்பட்டா சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு வாங்க. காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம்! விரல் துண்டாயிட்டா, ஈரத்துணியில் சுத்தி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க. விரல் நேரடியா ஐஸ்ல படக்கூடாது.

12/ இவ்வளவு ஆபத்து இருக்கே, வேண்டாம்னு சொல்றேனா? இல்லை. ஆர்.சி. விமானம் ஓட்டுறதுல ஆர்வம் உள்ள நடிகர் அஜித்குமார், 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு ஆலோசகரா இருந்தார். ஆஸ்திரேலியாவில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம். போட்டி என்ன? தொலைவில் இருக்கும் ஒரு நோயாளியிடமிருந்து ஆளில்லா விமானம் ரத்த மாதிரியை எடுத்து வரணும். விளையாட்டா ஆரம்பிச்சது எங்க போய் நிக்குது பாருங்க!

13/ அதனால, சார், வாங்கிக் கொடுங்க. ஆனா முதல் விமானம் தானா நிமிர்றதா இருக்கட்டும். தலைகீழா பறக்கிறது அடுத்த வருஷம். கூட நீங்களும் நில்லுங்க.