கோலில் மெஸ்ஸி பக்கத்தில்... புகழில் எங்கே? சுனில் சேத்ரியை நமக்கு ஏன் அதிகம் தெரியவில்லை?

சங்கரன்கோவிலில் பந்து விளையாடும் பசங்களிடம், பிடித்த ஃபுட்பால் பிளேயர் யார்னு கேட்டுப் பாருங்க. மெஸ்ஸி, ரொனால்டோ என்று உடனே பதில் வரும். சுனில் சேத்ரி பெயர் வருமா? சந்தேகம்தான்.

சேத்ரி என்ன சாதித்தார்?

2005-ல் பாகிஸ்தானுக்கு எதிராக அறிமுகமான முதல் போட்டியிலேயே கோல் அடித்தவர். 2024 ஜூனில் ஓய்வு பெற்றபோது 151 போட்டிகளில் 94 கோல்கள். சர்வதேச கோல் பட்டியலில் ரொனால்டோ, ஈரானின் அலி தாயி, மெஸ்ஸி ஆகியோருக்கு அடுத்த இடம். 2025-ல் மீண்டும் களமிறங்கி 95-வது கோலையும் அடித்தார்.

அப்புறம் ஏன் அந்தப் புகழ் இல்லை?

முதல் காரணம், மேடை. இந்தியா இதுவரை உலகக்கோப்பையில் ஆடியதே இல்லை. சேத்ரியின் கோல்களில் பெரும்பாலானவை ஆசியாவின் சிறிய அணிகளுக்கு எதிரானவை. மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஐரோப்பிய கிளப்களுக்காக ஆடியதை உலகமே டிவியில் வாரா வாரம் பார்த்தது.

இரண்டாவது காரணம், நாம்தான்! 2018 ஜூனில் மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என வென்றது. சேத்ரி ஹாட்ரிக். பார்க்க வந்தவர்களோ வெறும் 2,569 பேர். 'திட்டுங்க, விமர்சனம் பண்ணுங்க, ஆனா மைதானத்துக்கு வாங்க' என்ற பொருளில் சேத்ரி வெளியிட்ட வீடியோ வைரலாக, அவரது 100-வது போட்டியான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

ஆனால் 2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா வந்தபோது, அவரைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்றே ரசிகர்கள் மைதானத்தில் நாற்காலிகளை உடைத்தார்கள்.

சேத்ரிக்கே இப்படி என்றால் மற்றவர்களுக்கு?

சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக இவர் அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. நான்கு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் கிடைத்த டெர்பி வெற்றி அது. கொல்கத்தாவில் கொண்டாட்டம். தமிழ்நாட்டில் பலருக்கு அவர் பெயரே தெரியாது.

புகழ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இது வெறும் பெருமை விஷயம் இல்லை. பார்க்க ஆள் இருந்தால்தான் டிவி ஒளிபரப்பு, விளம்பரம், வீரர்களுக்குச் சம்பளம் எல்லாம். 2025 ஜூலையில், லீக்கை நடத்தும் ஒப்பந்தம் பற்றி முடிவு எட்டப்படாததால் ஐஎஸ்எல் சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. சேத்ரி என்ற ஒரு பெயரின் புகழால் மட்டும் ஒரு லீக்கைக் காப்பாற்ற முடியவில்லை.

மெஸ்ஸியை ரசிப்பதில் தப்பே இல்லை. ஆனால் நம்ம ஊர் பையன் நாளைக்கு ஆட வேண்டியது இந்திய லீக்கில்தான். அதைப் பார்க்க நாம் இருந்தால்தான் அவனுக்கு அங்கே இடம் இருக்கும்.