நள்ளிரவில் ஆடும் பொன்னரிப்போர்

ஆண்டுதோறும் யூன் மாதம் 21 ஆந் திகதியை ஒட்டிய ஓரிரவில், அலாஸ்காவிலுள்ள ஃபெயர்பாங்ஸ் நகரத்து மக்கள் இராப்போசனத்தை முடித்துக்கொண்டு விளையாட்டு மைதானத்தை நோக்கிப் புறப்படுவார்கள். அங்கே இரவு பத்து மணிக்கோ பத்தரை மணிக்கோ பேஸ்போல் ஆட்டம் தொடங்கும். மைதானத்தில் விளக்கு ஏற்றுவதில்லை. வடதிசை வானின் அடியிலே சூரியன் மறையத் தயங்கி நிற்பதால், அதற்குத் தேவையும் இல்லை. நள்ளிரவு நெருங்கும் வேளையில் ஆட்டத்தைச் சற்று நிறுத்தி, கூடியிருப்போர் அனைவரும் எழுந்து நின்று அலாஸ்காவின் கொடிப்பாட்டைப் பாடுவர். பாடி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும்.

1906 ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வழக்கத்தின் நூறாவது ஆட்டம் 2005 இல் நடைபெற்றது. 1960 முதல் இவ்வாட்டத்தைத் தனக்குரியதாக ஏற்று நடத்துவது 'கோல்ட்பானர்ஸ்', அதாவது பொன்னரிப்போர், என்னும் பெயர் பூண்ட குழுவாகும். அக்குழுவில் ஆடுவோர் சம்பளம் பெறுவோர் அல்லர்; அவர்களிற் பெரும்பாலோர் அந்நகரத்தவரும் அல்லர். கோடை விடுமுறையில் வந்து தங்கிச் செல்லும் கல்லூரி மாணவர்களே அவர்கள்.

ஃபெயர்பாங்ஸ் ஒரு தற்செயலாற் பிறந்த ஊர். 1901 இல் பார்ணெட் என்னும் வணிகர் தமது சரக்குகளுடன் நீராவிப் படகில் உள்நாடு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். செனா ஆற்றில் நீர் போதாமையால் படகு மேலே செல்ல முடியவில்லை. படகோட்டி அவரையும் அவர் சரக்கையும் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். வேறு வழியின்றி அங்கேயே அவர் கடை வைத்தார். அடுத்த ஆண்டு பீலிக்ஸ் பெட்ரோ என்னும் இத்தாலியர் அண்மையிலுள்ள ஓடையொன்றிற் பொன்னைக் கண்டார். அகன்ற தட்டிலே மணலையும் நீரையும் அள்ளிச் சுழற்றி, மணலைக் கழியவிட்டு, அடியிற் படியும் பொற்றுகளைச் சேர்க்கும் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்து குவிந்தனர். ஊர் நகரமாயிற்று.

பனிக்காலம் எட்டு மாதம். கோடையோ கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடுவது. பொன்னரிப்போருக்குக் கோடை முழுவதும் வேலை. பொழுதுபோக்குக்கு எஞ்சியது இரவு ஒன்றுதான். ஆனால் அந்த இரவும் இருளாத இரவு. ஆகவே, 1906 இல் இரண்டு மதுச்சாலைக்காரர் தமக்குள் பந்தயம் கட்டி நள்ளிரவிலே பேஸ்போல் ஆடியதாகச் சொல்லப்படும் கதை நம்பமுடியாத ஒன்றன்று.

ஈண்டு ஓர் உண்மையையுஞ் சொல்லிவைத்தல் வேண்டும். ஃபெயர்பாங்ஸ் வடதுருவ வட்டத்துக்குச் சுமார் 120 மைல் தெற்கே உள்ளது. எனவே யூன் 21 இலுங்கூட அங்கே சூரியன் மறையத்தான் செய்கிறது. ஆனால் அந்நகரத்தின் இன்றைய கடிகாரம் கோடைக்காலத்திற் சூரியனைவிடச் சற்றேறக்குறைய இரண்டு மணி முந்தி ஓடுகிறது. அதனாலேயே பன்னிரண்டே முக்கால் மணியளவில்தான் சூரியன் மறைகிறது. மூன்று மணிக்கு முன்னரே மீண்டும் எழுந்துவிடுகிறது. நள்ளிரவுச் சூரியனிற் பாதி வானத்தின் கொடை என்றால், மறுபாதி கடிகாரத்தின் கொடை. எனினும் இடைப்பட்ட இரண்டு மணி நேரமும் அந்தி வெளிச்சம் அகலாதிருப்பது மெய்யே. மேகம் மூடிய ஆண்டுகளிற் பந்தைக் காண்பது துடுப்பாடுவோருக்குப் பெரும்பாடு. அப்போதும் விளக்கு ஏற்றுவதில்லை என்பதில் ஊரார் பிடிவாதமாக இருந்திருக்கின்றனர்.

கோடைக் கல்லூரிக் குழு என்பது யாது என்பதைச் சிறிது விளக்கவேண்டும். அமெரிக்க நாட்டிற் கல்லூரிகளுக்கிடையிலான பேஸ்போல் பருவம் யூன் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. திறமையுள்ள மாணவன் ஓகஸ்ட் வரை சும்மா இருந்தால் கை மழுங்கும். தொழில்முறைக் குழுவிற் சேர்ந்து ஊதியம் பெற்றாலோ கல்லூரிக்காக ஆடும் தகுதியை இழப்பான். இந்த இக்கட்டுக்கு விடையாகச் சிற்றூர்கள் பல கோடைக் குழுக்களை நடத்தலாயின. மாணவர்கள் உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்குவர், பகலில் ஏதாவது ஒரு வேலை பார்ப்பர், மாலையில் ஆடுவர். பெரிய குழுக்களுக்கு ஆள் தேடும் முகவர்கள் வேலியோரம் அமர்ந்து குறிப்பெடுப்பர். தொழில்முறைக் குழுவை வைத்துக் காக்க வசதியற்ற ஊருக்கு இதனால் நல்ல ஆட்டம் காணக் கிடைத்தது. மாணவனுக்கோ தன்னை நிலைநாட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

அலாஸ்கா 1959 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் 49 ஆவது மாநிலமாயிற்று. 1960 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஃபெயர்பாங்ஸின் சனத்தொகை 13,311. அவ்வாண்டிலேயே பொன்னரிப்போர் குழுவை நிறுவியவர் 'ரெட்' பவுச்சர் என்பவர். சிறுவயதில் அநாதை இல்லத்தில் வளர்ந்து, கடற்படையில் நெடுங்காலம் பணியாற்றி, அதன்பின் வடக்கே குடியேறிய மனிதர் அவர். பேசிப் பேசியே எவரையும் இணங்கவைக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. பின்னர் அவர் நகர மேயராகி, 1967 ஓகஸ்டில் செனா ஆறு பெருகி நகரை மூழ்கடித்தபோது மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கியதும், 1970 இல் மாநிலத்தின் துணை ஆளுநராகத் தெரிவானதும் அரசியல் வரலாறு. விளையாட்டு வரலாற்றில் அவர் செய்த காரியம் வேறு. கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் உள்ள கல்லூரிப் பயிற்றுநர்களை அணுகி, அவர்களுடைய சிறந்த மாணவர்களைத் தமது தொலைதூர நகருக்கு அனுப்பச் செய்தார். அன்றைய நிலையில் இது எளிய காரியமன்று. தந்தையும் தாயும் நிலப்படத்தில் ஃபெயர்பாங்ஸைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை அனுப்பியிருப்பர்.

1964 ஆம் ஆண்டு அந்நகருக்குத் துயரத்தோடு தொடங்கியது. மார்ச் 27, பெரிய வெள்ளிக்கிழமையன்று, 9.2 அளவுள்ள பூகம்பம் தென் அலாஸ்காவைக் குலுக்கியது. வால்டெஸ் துறைமுகத்தில், ஃபெயர்பாங்ஸ் ஆற்றின் பெயரையே தாங்கிய செனா என்னும் கப்பல் சரக்கிறக்கிக் கொண்டிருந்தது. கப்பல் வந்தால் ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடுவது வழக்கம். இறங்குதுறை கடலுள் சரிந்து, அலை மேலெழுந்தபோது முப்பது பேரளவில் மாண்டனர். அவ்வூரிற் பலியானோருள் ஜேம்ஸ் குரோடனும் அவருடைய இளம் புதல்வர் இருவரும் அடங்குவர். குரோடன் முன்பு ஃபெயர்பாங்ஸின் விளையாட்டு வாழ்வில் நெருங்கிப் பழகியவர். அதுவரை கிரிபின் பார்க் என்றிருந்த பேஸ்போல் மைதானத்துக்கு அந்நகரம் அவர் பெயரைச் சூட்டியது. நள்ளிரவு ஆட்டம் நடைபெறுவது அந்தக் குரோடன் ஞாபகார்த்த மைதானத்திலேதான்.

அவ்வாண்டுக் கோடையில் அங்கு வந்த மாணவர்களுள் ஒருவர் டொம் சீவர். அப்போது அவருக்கு வயது 19. கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தவர். உயர்நிலைப் பள்ளியில் உருவஞ் சிறுத்தவராயிருந்தமையால் எவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பள்ளியை விட்டபின் உலர்ந்த முந்திரிகைப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வேலை செய்தார். கடற்காலாட் படையிற் பயிற்சி பெற்றார். இடையிலே உயரமும் தோள்வலிமையும் வந்து சேர்ந்தன. உள்ளூர்ச் சிறு கல்லூரியில் நன்றாகப் பந்தெறிந்தார். தென் கலிபோர்னியாச் சர்வகலாசாலையின் பயிற்றுநர் ரொட் டெடோ அவரை விரும்பினார்; ஆனால் உதவிப்பணம் கொடுத்துச் சேர்ப்பதற்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. 'வடக்கே போய் ஒரு கோடை ஆடட்டும், பார்ப்போம்' என்பதே அவர் நிலை. சீவரின் குடும்பத்துக்கு அந்த உதவிப்பணம் சிறிய விடயமன்று. ஒரு மாணவனின் எதிர்காலம் முழுவதும் சில வார ஆட்டத்தில் தொங்கியது.

விமானத்தை விட்டு இறங்கியபோதே ஆட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்ததாம். மோட்டார் வண்டியிலேயே உடை மாற்றுவித்து, நேரே மைதானத்துக்கு அழைத்துச் சென்று, அன்றிரவே பந்தெறிய விட்டனர் என்று சொல்வதுண்டு. பிரெஸ்னோவில் அவரை எதிர்த்து ஆடியவர்கள் சாதாரண இளைஞர். இங்கேயோ நாட்டின் முதன்மைக் கல்லூரிகளின் துடுப்பாட்டக்காரர். அக்குழுவில் ஒரு கோடை ஆடிய ரிக் மண்டே, 1965 இல் அமெரிக்க பேஸ்போலில் முதன்முறையாக நடைபெற்ற புதுவீரர் தெரிவிலே முதலாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அத்தகையோர் நடுவில் தம்மால் நிற்க இயலும் என்பதைச் சீவர் அக்கோடையிற் கண்டுகொண்டார்.

கோடை முடிவில் குழு கன்சஸ் மாநிலத்து விச்சிற்றா நகருக்குச் சென்றது. அங்கே 1935 முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வந்த அகில நாட்டுப் போட்டியிற் சீவர் பந்தெறிந்ததோடு நில்லாமல், துடுப்பையும் எடுத்தார். கிரிக்கெட்டில் ஆறு ஓட்டங்களுக்குப் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடுவதைப் போன்றதே பேஸ்போலிலும் வேலிக்கப்பால் அடிக்கும் அடி. ஆனால் மூன்று தளங்களிலும் தன் குழுவினர் நிற்கும்போது அவ்வாறு அடித்தால் ஒரே அடியில் நான்கு ஓட்டங்கள். சீவர் அன்று அடித்தது அத்தகைய அடி. உதவிப்பணம் கிடைத்தது. அடுத்த கோடையிலும் அவர் ஃபெயர்பாங்ஸுக்கு வந்து ஆடினார். பின்பு நியூயோர்க் மெட்ஸ் குழுவிற் சேர்ந்து, 1969 இல் அக்குழு உலகத்தொடரை வெல்வதற்கு முதுகெலும்பாய் நின்று, வாழ்நாளில் 311 வெற்றிகளை ஈட்டி, 1992 இற் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். 2020 இல் அவர் காலமானார்.

விச்சிற்றா ஃபெயர்பாங்ஸிலிருந்து சுமார் 2,700 மைல். அலாஸ்காவின் குளிர்ந்த மாலைகளிற் பழகிய இளைஞர் கன்சஸின் ஓகஸ்ட் வெயிலில் இறங்கி ஆடவேண்டும். எனினும் 1972, 1973, 1974 என மூன்றாண்டுகள் தொடர்ந்து கிண்ணத்தை வடக்கே கொண்டுவந்தனர். 1976, 1980, 2002 ஆகிய ஆண்டுகளிலும் வென்றனர். இதற்குள் ஆங்கரேஜ் நகரமும் வாளாவிருக்கவில்லை. 1969 இல் அது 'கிளேசியர் பைலட்ஸ்' என்ற குழுவைத் தொடங்கி, அந்த முதலாண்டிலேயே அகில நாட்டுக் கிண்ணத்தை வென்று பொன்னரிப்போரின் முகத்தைக் கறுக்கச் செய்தது. 360 மைல் நெடுஞ்சாலையின் இரு முனைகளிலும் இருந்த இந்த இரு நகரங்களின் போட்டாபோட்டியே அலாஸ்கா முழுவதிலும் கோடை பேஸ்போல் வளரக் காரணமாயிற்று.

அக்காலத்தில் வந்து சென்றவர்களின் பெயர்ப்பட்டியல் வியப்பூட்டுவது. மினசோட்டாச் சர்வகலாசாலையிற் பந்தெறிவதிலேயே பெயர்பெற்றிருந்த டேவ் வின்ஃபீல்ட், 1971 இலும் 1972 இலும் ஃபெயர்பாங்ஸில் துடுப்பாடவும் நிறைய வாய்ப்புப் பெற்றார். பிற்காலத்தில் 3,110 முறை பந்தடித்துத் தளமேறியவராய்ப் புகழ்மண்டபம் புகுந்தார். கிரேக் நெட்டில்ஸ், பொப் பூன், டேவ் கிங்மன், 1983 இல் பரி பொண்ட்ஸ் என்று மேலும் பலர். பெரிய லீக்குகளில் ஆடிய பொன்னரிப்போர் சுமார் இருநூறு பேர். பதினையாயிரம் பேர்கூட இல்லாதிருந்த ஒரு நகரின் மைதானத்திற்கு இது சிறு கணக்கன்று.

ஆனால் அவர்களுள் ஒருவரையும் நகரம் தன்னிடத்தே வைத்துக்கொள்ள முடியவில்லை; வைத்துக்கொள்வது அதன் நோக்கமும் அன்று. ஓகஸ்டில் பிள்ளை போய்விடுவான். அவன் தங்கிய வீட்டார் பின்பு பத்திரிகையிலே அவன் படத்தைக் காண்பர். இந்தப் பரிமாற்றத்திலே ஃபெயர்பாங்ஸ் குறைபட்டதாகத் தெரியவில்லை. குறை வந்தது வேறு வழியால். மசச்சுசெட்ஸ் கடலோரத்தில் நடைபெறும் கேப் கொட் லீக் 1985 இல் மரத்துடுப்புக்கு மாறியது. கல்லூரிகளில் அப்போது அலுமினியத் துடுப்பே வழக்கில் இருந்தது. பெரிய லீக்குகளிலோ மரத்துடுப்பு மட்டுமே. மரத்துடுப்போடு மாணவன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்க விரும்பிய முகவர்கள் கேப் கொட்டுக்குத் திரண்டனர். அங்கே ஊர்கள் அருகருகே உள்ளன. ஒரு பகலிற் பல ஆட்டங்களைக் காணலாம். ஃபெயர்பாங்ஸுக்கோ ஒவ்வோர் எதிர்க்குழுவும் நெடுந்தூரம் பயணஞ் செய்து வரவேண்டும். பயணச் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. 2010 களின் நடுவில் பொன்னரிப்போர் அலாஸ்கா லீக்கை விட்டு விலகித் தனித்து ஆட்டங்களை ஏற்பாடு செய்யலாயினர். நள்ளிரவு ஆட்டத்தை வெறும் சுற்றுலாக் கவர்ச்சி என்று எள்ளுவோரும் உளர். எனினும் லீக்கும் கிண்ணமும் கைவிட்ட காலத்தில் அந்த ஓரிரவே குழுவுக்கு ஊன்றுகோலாயிற்று என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

1967 இல் அங்கு ஆடிய மாணவர்களுள் பில் லீ என்பவர் ஒருவர். இடக்கையால் பந்தெறிபவர், வாய்த்துடுக்கும் விசித்திரப் போக்கும் உடையவர், 'விண்வெளி மனிதன்' என்பது அவருக்கு இடப்பட்ட பட்டப்பெயர். பொஸ்டன் குழுவுக்காக 1975 ஆம் ஆண்டின் உலகத்தொடர் இறுதிப்போட்டிகளில் ஆடியவர். 2008 யூனில், முதன்முறை வந்து 41 ஆண்டுகள் கழிந்தபின், அவர் மீண்டும் ஃபெயர்பாங்ஸுக்கு வந்தார். வயது 61. நரைத்த தாடியோடு பொன்னரிப்போரின் உடையை அணிந்து, நள்ளிரவு ஆட்டத்திலே தம் பேரப்பிள்ளைகள் போன்ற மாணவர்களுக்கு நடுவே நின்று பந்தெறிந்தார். அன்றைக்கும் விளக்கு ஏற்றவில்லை.