கெரேர்: வேண்டுதலும் அன்புகொள்ளுதலும்

ஸ்பானிய மொழியில் ‘கெரேர்’ என்னும் ஒரே வினைச்சொல், ஒரு பொருளை வேண்டுதல், ஒருவரிடத்து அன்புகொள்ளுதல் ஆகிய இரு கருத்துகளையும் தாங்கி நிற்பதாகும். தேடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையே இதன் மூலம். காப்பி வேண்டுமென்பவனும், தாயின்மீது தனக்குள்ள பிரியத்தைக் கூறுபவனும் அதன் தன்மை வடிவாகிய ‘கியேரோ’ என்றே சொல்வர். ஆயினும் ‘தாய்’ என்னும் சொல்லுக்கு முன்னே ‘ஆ’ என்றொரு சிறு இடைச்சொல் வந்து நிற்க, அவ்வோரெழுத்தே அன்பை வேண்டுதலினின்றும் பிரித்துக் காட்டுகிறது. ‘மரம் பார்த்தேன்’ எனல் இயல்பாயினும், ‘அம்மாவைப் பார்த்தேன்’ என ஐயுருபு கொடுத்தே நாம் பேசுவது இதனையொத்ததாம்.

‘உன்மீது அன்புடையேன்’ எனப் பொருள்படும் ‘தே கியேரோ’ பெற்றோர், மக்கள், நண்பர், வாழ்க்கைத்துணை யாவரிடத்தும் வழங்கும். ‘தே ஆமோ’ அதனினும் ஆழ்ந்தது. பெரும்பாலும் காதலர்க்கும் தம்பதியர்க்கும் உரியது. ‘மே குஸ்தாஸ்’ என்னுமிடத்தோ, ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பதிற்போலவே, விரும்புகிறவர் நான்காம் வேற்றுமையில் நிற்பர்.

கோலசிலாங்கூர் மாவட்டத்துக் கடலோர ஊராகிய ஜெராமிலும் சுற்றுத் தோட்டங்களிலும், தமிழோடு மலாயும் அன்றாடம் பேசி வாழும் தமிழர்க்கு, ஒரே சொல் இரு கருத்துகளைத் தாங்குவது அந்நியமன்று. வேண்டுதலுக்கு ‘மாஹு’ என வேறு சொல் வைத்துள்ள மலாய், குழந்தையைக் கொஞ்சுகையிலும், நல்ல பொருளொன்று வீணாயிற்றே என வருந்துகையிலும் ‘சாயாங்’ என்ற ஒன்றையே வழங்குகிறது. வடமொழியிலிருந்து வந்து தமிழில் சிந்தனையாய் நின்ற சொல், மலாயில் ‘சிந்தா’ எனக் காதலாய்க் கனிந்தது.  ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழியாகிய பிரெஞ்சிலும் ‘ஏமே’ என்னும் ஒரு வினையே அன்புக்கும் விருப்பத்துக்கும் பொதுவாயிற்று.

தமிழுக்கும் ஒரு ‘கெரேர்’ இருந்தது என்பதே இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. ‘வேள்’ என்னும் அடி, விரும்புதல், மணத்தல், வேள்வி செய்தல் மூன்றையும் குறித்தது. அதிற்பிறந்த வேட்கையையே களவொழுக்கத்தின் நிலைகளுள் முதலாவதாகத் தொல்காப்பியம் வைத்தது. காமனுக்கும் வேள் என்பது பெயர். இன்று வழக்கில் எஞ்சியுள்ள ‘வேண்டும்’ இதனோடு உறவுடையதென்பாரும் உளர். ‘எனக்கு நீ வேணும்’ என்று ஒருவர் சொல்லும்போது அந்தப் பழைய இருபொருளும் ஒருங்கே ஒலிக்கக் காண்கிறோம்.

‘தே கியேரோ’ யாவரிடத்தும் வழங்குவதாதலின், ஸ்பானியத் தாயொருத்தி தன் மகனை நோக்கிச் சொல்லும் அத்தொடரை, ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று தமிழில் பெயர்ப்பது பெரும்பிழை.