இல்லாத வாசல்களின் ஊர்

சில ஆண்டுகளுக்கு முன் சிலப்பதிகார வகுப்பில் ஊர்காண் காதை நடந்துகொண்டிருந்தது. கண்ணகியை மாதரியின் இல்லத்தில் அமர்த்துவதற்கு முன், கோவலன் மதுரை நகரைப் பார்த்து வரப் போகிறான். யவனர் காவல் காக்கும் கோட்டை வாயிலைக் கடந்து உள்ளே நுழைகிறான். அந்த இடத்தை நான் கொஞ்சம் விரித்தே சொல்வது வழக்கம். அகழியையும் காவற்காட்டையும் மதிலையும் சொல்லி, மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் தரும் நகர வருணனையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, நான் தெற்குவாசல்லேருந்துதான் வர்றேன். அங்க வாசலே இல்லையே, அது எந்த வாசல்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, "அது பழைய கோட்டையின் வாசல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தக் கோட்டை? யார் கட்டியது? எங்கே போயிற்று? இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் தமிழ் கற்பிக்கிறேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மதிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடிகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்வரை என் காலடியில் நின்ற மதிலைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இலக்கியம் பாடும் மதில் வேறு. தெற்குவாசல் என்ற பெயருக்குக் காரணமான மதில் வேறு. நம்மிடையே பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். சங்ககால மதிலுக்கு நம்மிடம் இருப்பது சொற்சான்று மட்டுமே. பிற்காலப் பாண்டியர் கோட்டை இன்னொன்று. அது இன்றைய நகரின் நடுப்பகுதியை மட்டும் வளைத்து நின்றது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் அதை அகற்றிவிட்டு, அதற்கு வெளியே மிகப் பெரிய கோட்டையொன்றை எழுப்பினார். இரட்டை மதிலும் அகழியும் எழுபத்திரண்டு கொத்தளங்களும் கொண்ட கோட்டை அது. கொத்தளத்துக்கு ஒன்றாக எழுபத்திரண்டு பாளையங்கள் அதன் காவலுக்குப் பொறுப்பாக்கப்பட்டன என்பது மரபு. தெற்குவாசலும் கீழவாசலும் மேலவாசலும் இந்த மூன்றாவது கோட்டையின் வாசல்கள்.

இந்தக் கோட்டையின் உருவத்தை நமக்குக் காட்டுபவை பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையின் தேவைக்காக வரையப்பட்ட வரைபடங்கள். அத்தகைய வரைபடம் ஒன்றின் நகல் நண்பர் ஒருவர் வழியாக எனக்குக் கிடைத்தது. கோட்டையைத் தாக்க வந்தவர்களின் கண் அதில் தெரிகிறது. மக்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதில் அதற்கு அக்கறையில்லை. மதில் எங்கே திரும்புகிறது, கொத்தளம் எங்கே துருத்துகிறது, அகழி எப்படிப் போகிறது என்பதில்தான் கவனமெல்லாம். கோட்டை ஓர் ஒழுங்கற்ற சதுரமாகக் கிடக்கிறது. நடுவே கோயில், தென்கிழக்கே திருமலை நாயக்கர் அரண்மனை, வடக்கே வையை. இந்த மூன்றும் இன்றும் இடம் மாறாதவை. அவற்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, மெல்லிய தாளில் பிரதியெடுத்த மதிற்கோட்டை இன்றைய நகர வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்தேன். மதில் ஓடிய வழியில் வெளி வீதிகள் ஓடின.

அதுவரை 'வெளி வீதி' என்ற பெயரை நான் யோசித்ததே இல்லை. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று திங்கள்களின் பெயர் தாங்கி வரும் அடுக்கு அதற்கு அப்பால் தொடர்வதில்லை. மாசி வீதியைத் தாண்டினால் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி என்று பெயர்களின் சாயலே மாறிவிடுகிறது. விழாவின் பெயர்கள் முடிந்து மனிதர்களின் பெயர்கள் தொடங்கும் இடத்தில்தான் பழைய மதில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். தொடங்கிய இடம் பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே, மேலவாசல் பக்கம். எழுபத்திரண்டு கொத்தளங்கள் நின்ற கோட்டையில் கண்ணுக்குத் தெரிய எஞ்சியிருக்கும் துண்டு அங்கேதான் நிற்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். பக்கத்தில் தள்ளுவண்டியில் பழம் விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் அது என்னவென்று கேட்டேன். "கோட்டைச் செவரு தம்பி. வெள்ளைக்காரன் இடிச்சான்ல, அதுல மிச்சம்" என்றார். வகுப்பில் என்னால் சொல்ல முடியாததை அவர் பழத்தை எடைபோட்டுக்கொண்டே சொல்லிவிட்டார்.

ஆனால் அவர் சொன்னது பாதி உண்மை. இடிக்கச் சொன்னவர் வெள்ளைக்காரர், இடித்தவர்கள் நம்மவர்கள்.

1763-இல் யூசுப்கானுக்கு எதிராகத் தொடங்கிய முற்றுகையை நினைத்துப் பார்க்க வேண்டும். நவாபும் கும்பினியாரும் சேர்ந்து முற்றுகையிட்டும் இந்த மதிலை உடைத்து உள்ளே நுழைய முடியவில்லை. 1764 அக்டோபரில் உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அம்மாதம் 15-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். மதில் தோற்கவில்லை, மனிதர்கள்தான் தோற்றார்கள். கான்சாகிபு என்று மக்கள் அழைத்த அவருடைய பெயர் கான்சா மேட்டுத் தெருவில் இன்றும் தேய்ந்து ஒலிக்கிறது.

பீரங்கிகளுக்கு விழாத அந்த மதில் எழுபது எண்பது ஆண்டுகள் கழித்துக் கடப்பாரைக்கு விழுந்தது. 1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன் காலத்தில், நகரம் மதிலுக்குள் நெருக்கிக்கொண்டு கிடந்தது. அகழியில் தேங்கிய நீர் நோய்க்கிடமாகக் கருதப்பட்டது. போர்க்காலம் முடிந்துவிட்டதால் மதிலுக்கும் வேலை இல்லை. பிளாக்பர்ன் கண்ட வழி எளியது. மதிலின் ஒரு பகுதியை இடித்து, அந்த மண்ணால் அகழியைத் தூர்ப்பவர் அவ்விடத்தை வீடு கட்டிக்கொள்ள எடுத்துக்கொள்ளலாம். 1868-இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டு வரலாற்று நூலில் இச்செய்தியின் விவரம் உண்டு. நில அளவையைக் கவனித்த மாரட்டின் பெயரும், வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் புதிதாகப் பிறந்த தெருக்களுக்கு வந்தன. எழுப்பியவரின் பெயரைத் தாங்கி இங்கே ஒரு தெருவும் இல்லை. இடித்தவர்களின் பெயரில் தெருக்கள் இருக்கின்றன.

தெற்கு வெளி வீதியில் நடக்கும்போது இதுதான் மனத்தில் ஓடியது. இருபுறமும் கடைகள், பட்டறைகள், மாடி வீடுகள். ஏதோவொரு வீட்டின் அடியில் கொத்தளத்தின் கடைக்கால் இருக்கக்கூடும். இன்னொன்று அகழியின் மேல் நிற்கக்கூடும். இடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெரிசலில் தவித்தவர்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்தது. கோட்டை அவர்களுக்குப் பழம்பெருமையாக இருந்திருக்காது. காற்றை மறைக்கும் சுவராக இருந்திருக்கும்.

தெற்குவாசலில் நின்று பார்த்தேன். வாகன நெரிசலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் மற்ற இடங்களைவிட இங்கே சாலைகள் வந்து குவிவதைக் கவனித்தேன். வாசல் போனாலும் வாசலை நோக்கி வந்த வழிகள் போகவில்லை. கீழவாசலிலும் அப்படித்தான். ஒருபுறம் தூய மரியன்னை பேராலயம், மறுபுறம் கடைத்தெரு, நடுவே நிற்காத போக்குவரத்து. மதில் இருந்த காலத்தில் இந்த இடைவெளி வழியாகத்தான் ஊர் மூச்சுவிட்டது. மதில் போன பிறகும் பழக்கத்தை விடவில்லை.

அங்கிருந்து உள்ளே திரும்பினால் விளக்குத்தூண். துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் இந்தத் தூண் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டது. மதிலை இடித்தவருக்கு ஊரார் நன்றியோடு வைத்த விளக்கு! இன்று அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. விளக்குத்தூண் என்றால் தீபாவளித் துணி வாங்கும் இடம், அவ்வளவுதான். அவரையும் ஊர் மறந்துவிட்டது.

கடைசியாகக் கோயிலின் கிழக்கே விட்டவாசலுக்கு வந்து சேர்ந்தேன். பாண்டியர் கோட்டையை விசுவநாத நாயக்கர் அகற்றியபோது, அதன் கிழக்கு வாயிலை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்தாராம். விட்ட வாசல், விட்டவாசல். ஒரு சொல்லுக்குள் ஒரு முடிவும் அதை எடுத்தவனின் தயக்கமும் சேர்ந்து கிடக்கின்றன. இடிக்க வந்தவன் ஒன்றை விட்டுவைத்தான். ஊர் அந்த விடுதலையையே பெயராக வைத்துக்கொண்டது. அதன் நிழலில் நின்றபோது, மேலவாசல் பக்கம் எஞ்சிய அந்தத் துண்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒருவகையில் விட்டவாசல்தான். ஆனால் யாரும் கருதி விட்டதாகத் தெரியவில்லை, மறந்து விட்டது.

நண்பர்களே, பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது, கல்லைத்தான் தேடுவோம் என்று நினைத்தேன். கல் கொஞ்சமே கிடைத்தது. கிடைத்ததெல்லாம் பெயர்கள். வரைபடத்தில் கோடாக இருந்ததை மதுரை மக்கள் நாவில் வைத்துக் காத்திருக்கிறார்கள். நடத்துநர் நாள்தோறும் கூவும் 'கீழவாசல்', 'தெற்குவாசல்' என்பவை இந்தக் கோட்டையின் மிக நீண்ட கல்வெட்டு. நிலையங்களுக்குப் புதுப்பெயர் சூட்டவும் தெருக்களின் பெயர் மாற்றவும் நமக்கு அவசரம் வரும்போது, நாம் அழிப்பது வெறும் பெயரை அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு ஊர்காண் காதை வந்தபோது மாணவர்களை வகுப்பில் உட்காரவைக்கவில்லை. மேலவாசலில் இருந்து விட்டவாசல் வரை நடத்தியே அழைத்துப் போனேன். முந்தைய ஆண்டு கேள்வி கேட்ட மாணவரும் வந்து சேர்ந்துகொண்டார். தெற்குவாசல் வந்ததும், எந்தக் கோட்டையின் வாசல் என்பதைத் தம் இளையவர்களுக்கு அவரே சொன்னார்.